மறு: கடல் வெப்பத்துக்கு 'உள்ளடக்கம்' பொருந்துமா?

> 'ocean heat content' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'பெருங்கடல் வெப்ப உள்ளடக்கம்' என்றே வைத்துக்கொள்ளலாம், மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

ஐயா, நெருக்கம்தான், ஆனால் உள்ளடக்கம் என்றதும் புத்தகத்தின் முதல் பக்கம்தான் கண்ணில் நிற்கிறது. இன்னொரு நண்பர் எழுதிய 'கொள்ளளவு' அதைவிட வம்பு. கடல் எவ்வளவு வெப்பம் கொள்ளும் என்பது வேறு, இப்போது அதில் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு.

நம் டெல்டாவில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதே இல்லை. மேட்டூர் நிலவரம் தினமும் பேப்பரில் வருகிறது: நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி. 120 அடிக்கு நிரம்பினால் 93.47 டி.எம்.சி., அது கொள்ளளவு. குறுவைக்குத் தண்ணீர் கிடைக்குமா என்று பார்ப்பவர் தேடுவது இருப்பை. கடலில் வெப்பநிலைதான் மட்டம். அதனால் என் பரிந்துரை 'கடல்வெப்ப இருப்பு'. கடலுக்குள் வெப்பம் வந்து சேர்வதை 'வெப்ப வரத்து' என்றும் சொல்லிவிடலாம்.

அளக்கும் விதமும் இதற்கு ஒத்துவருகிறது. உலகக் கடல்களில் சுமார் 4,000 ஆர்கோ மிதவைகள் உண்டு. 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்துகொண்டே இருந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, மேலே ஏறும் வழியெல்லாம் வெப்பநிலையையும் உப்பையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி முங்கிவிடும். ஒவ்வோர் அடுக்கின் வெப்பநிலையையும் அடர்த்தி, தன்வெப்பம் (ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்), அடுக்கின் கன அளவு மூன்றாலும் பெருக்கிக் கூட்டினால் வெப்பத்தின் அலகான ஜூலில் விடை வரும். பசுங்குடில் வாயுக்களால் பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் இப்படிக் கடலுக்குள்தான் போகிறது.

மேல்தண்ணீரின் சூட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். புயல் கடலைக் கலக்கும்போது அடியிலிருந்து குளிர்ந்த நீர் வந்துவிட்டால் புயலுக்குக் கிடைக்கும் வெப்பத் தீனி குறையும். வெதுவெதுப்பு ஆழம் வரை இருந்தால் குறையாது. புயலுக்கென்று 26 டிகிரிக்கு மேற்பட்ட நீரின் வெப்பத்தை மட்டும் தனியாகக் கணக்கிடுவது அதற்காகத்தான். அதற்கு 'புயல்வெப்ப இருப்பு' சரியாக இருக்கும். 2018 கஜாவில் தென்னந்தோப்பை இழந்த வேதாரண்யத்துக்காரரிடம் போய் 'உள்ளடக்கம்' என்று பேசிப் பாருங்களேன்!

---

தம்பி, சரி, 'இருப்பு' எனக்கும் பிடித்துவிட்டது. ஒரு சிக்கல் மட்டும். அணைக்குத் தரை உண்டு, கடல் வெப்பத்துக்கு அப்படி ஒரு பூஜ்யத்தை யாரும் வைப்பதில்லை. வரைபடங்களில் வருவது மொத்த இருப்பு அல்ல, ஏதோ ஒரு காலத்துச் சராசரியிலிருந்து கூடியதும் குறைந்ததும்தான்; பழைய ஆண்டுகளுக்குக் கழித்தல் குறியோடும் எண் வரும். இருப்பு எப்படிக் கழித்தலில் போகும் என்று பள்ளிப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வோம்? அந்த எண்ணுக்கு மட்டும் 'இருப்பு விலகல்' என்று போடலாமா? 'மாற்றம்' போதும் என்பவர்கள், கலைச்சொல் பட்டியலில் ஏற்றும் முன் சொல்லிவிடுங்கள்.