பக்கவாதத்துக்குப் பிறகு இரண்டாவது மாடியில் இருக்கை, தாமதத்துக்கு மெமோ: யாரிடம் புகார் செய்வது?

மாடிப்படி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மாநில அரசுத் துறை ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன், 22 வருட சர்வீஸ். போன வருடம் பக்கவாதம் வந்தது. இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறேன், வலது கை விரல்கள் இன்னும் முழுசாக மடங்கவில்லை, இடது கையால்தான் டைப் செய்கிறேன். மருத்துவச் சான்றிதழில் ஊனம் 45 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள், யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வந்துவிட்டது.

என் பிரிவு இரண்டாவது மாடியில். லிஃப்ட் இருக்கிறது, ஆனால் அது ஓடுகிற நாட்களைவிட ஓடாத நாட்கள்தான் அதிகம். தரைத்தளத்தில் தபால் பிரிவில் ஒரு இடம் காலியாக இருப்பது தெரிந்து, அங்கே மாற்றித் தாருங்கள் என்று அலுவலரிடம் நேரில் கேட்டேன், பார்க்கலாம் என்றார். அடுத்த மாதம் தாமத வருகைக்கு மெமோ வந்தது, பதில் எழுதுவதற்குள் இன்னொன்றும் வந்தது. போன வாரம் அந்த அலுவலர் பிரிவில் எல்லோர் முன்னாலும், "முடியாதவங்களுக்கு உட்கார வைச்சு சம்பளம் கொடுக்க இது தர்ம சத்திரமா, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

கண்காணிப்பாளர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வரவேண்டிய நேரம் இது. "உங்க கேஸ்ல உடல்தகுதி பற்றி ஏதோ எழுதப் போறாங்களாம்" என்று நிர்வாகப் பிரிவில் ஒரு தோழி காதில் போட்டாள். வீட்டில் அவர், போதும், ஓய்வு வாங்கிவிடு என்கிறார். எனக்கு இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. புகார் செய்தால் யாரிடம் செய்வது? செய்தால் எங்காவது தூக்கி அடித்துவிடுவார்களா?

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் எழுதியது:

அம்மா, முதலில் ஒன்று. விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். யார் சொன்னாலும், வீட்டில் சொன்னாலும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 20(4) உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது. பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் அந்த ஊழியரை வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது. பார்த்துவந்த வேலை ஒத்துவராவிட்டால் அதே சம்பள விகிதத்தில், அதே பணிப் பலன்களோடு வேறு பணியிடத்துக்கு மாற்ற வேண்டும். அப்படி இடமே இல்லையென்றால் கூடுதலாக ஒரு பணியிடம் உருவாக்கி, சரியான இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை வைத்துக்கொள்ள வேண்டும். பழைய 1995 சட்டத்திலும் பிரிவு 47 என்று இதேதான் இருந்தது.

பஞ்சாப் மின்வாரியத்தில் உதவி லைன்மேன் ஒருவருக்குப் பார்வை போய்விட்டது. தன் உரிமை தெரியாமல் அவரே ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். வாரியம் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பியது. 2008ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, இப்படிச் சட்டம் இருக்கிறது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது அதிகாரிகளின் கடமை என்றது. அவர் ஜெயித்தார், சரி, ஆனால் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு எதற்கு?

அடுத்து, நீங்கள் கேட்டது எல்லாம் வாயால். அலுவலகத்தில் வாயால் கேட்டது கேட்டதாகவே ஆகாது, உங்களுக்குத் தெரியாததா? நாளைக்கே ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். தரைத்தளத்தில் இருக்கை, காலை வருகையில் சிறிது நேரச் சலுகை, இடது கையால் வேலை செய்ய ஏற்ற மாதிரி மேசை கணினி ஏற்பாடு என்று என்னென்ன வேண்டுமோ தனித்தனியாக, ஊனத்துக்கு ஏற்ற வசதி செய்துதரச் சொல்லும் பிரிவு 20(2)ஐக் குறிப்பிட்டு. சான்றிதழ் நகல் இணைப்பு. உரிய வழியாக, அதாவது அலுவலர் மூலமாக ஒன்று, துறைத் தலைவருக்கு நேராக முன்நகல் ஒன்று. உங்கள் பிரதியில் தபால் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள், தரமாட்டேன் என்றால் ஒப்புகையோடு விரைவுத் தபால். அதில் கோபம், அழுகை எதுவும் வேண்டாம்.

மெமோவுக்குப் பதில் எழுதும்போது நம் ஆட்கள் எல்லோரும் வழக்கமாகப் போடுவது போல "நடந்த தவறுக்கு வருந்துகிறேன், இனி இவ்வாறு நேராது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதுதான் பிறகு 17(பி), அதாவது பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டில் ஒப்புதல் வாக்குமூலமாக வந்து நிற்கும். லிஃப்ட் இயங்கவில்லை, இந்த உடல்நிலையில் படியேற நேரமாகிறது, தரைத்தளம் கேட்டிருக்கிறேன். இதுதான் பதில்.

சும்மா சொல்றேன் எழுதியது:

எல்லோரும் சட்டம் பேசுவீர்கள், அலுவலகத்தில் தினமும் போய் உட்காரப் போவது அவர்தான். மாற்றுத்திறனாளிகளுக்கு ஆதரவாக எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அலுவலர் மேல் புகார் போட்டால் அந்தப் பிரிவில் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள், ஒரு கோப்பு நகராது, விடுப்பு கேட்டால் ஆயிரம் கேள்வி வரும். அந்த ஆள் ஒரு வருடத்தில் மாறுதலில் போய்விடுவார். சங்கத்தில் யாரையாவது கூட்டிப்போய்ப் பேசி தரைத்தளத்தை வாங்கிக்கொண்டு அமைதியாக இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

பெரிய எழுத்து எழுதியது:

மேலே சொன்ன நண்பருக்கு: ஒரு வருடம் காத்திருக்கலாம், ஆனால் பதவி உயர்வுப் பட்டியல் காத்திருக்காதே? மெமோ இரண்டும் பணிப்பதிவேட்டுப் பக்கம் போய்விட்டால் அடுத்து வரும் அலுவலர் அதைத்தான் பார்ப்பார்.

நான் மத்திய அரசு ஊழியர், குறைந்த பார்வை. கோப்புகள் எல்லாம் கணினிக்குப் போனபோது திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் கேட்டேன், நிதி இல்லை என்று வாயால் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் "பணியில் வேகம் போதாது" என்று ஆண்டு மதிப்பீட்டில் எழுதினார்கள். சங்கத்தையும் பார்த்தேன், இனிமையாகப் பேசினார்கள், அவ்வளவுதான். கடைசியில் டெல்லியில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான முதன்மை ஆணையருக்கு எழுதினேன். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. விசாரணை வீடியோ வழியாகவே நடந்தது. உண்மையில் விசாரணைக்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட்டது, ஆணையரிடமிருந்து நோட்டீஸ் வந்த உடனே இல்லாத நிதி எங்கிருந்தோ வந்துவிட்டது. முகம் கொடுத்துப் பேசாதவர்கள் சிலர் இருந்தார்கள்தான், நான் அதற்காக வேலைக்குப் போகவில்லை.

ஆனால் ஆணையரைப் பெரிய நீதிமன்றம் என்று நினைத்துப் போகாதீர்கள். ஆள்களை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு, முடிவில் அவர் தருவது பரிந்துரை. துறை அதன்மேல் என்ன செய்தது என்று மூன்று மாதத்துக்குள் சொல்ல வேண்டும், ஏற்காவிட்டால் காரணத்தை அவருக்கும் உங்களுக்கும் எழுத்தில் தர வேண்டும். என் மதிப்பீட்டு விஷயத்தில் அப்படித்தான் ஒரு "ஏற்க இயலாது" கடிதம் வந்தது, அதற்குத் தனியாகப் போராடிக்கொண்டிருக்கிறேன்.

சர்வீஸ் வழக்கு எழுதியது:

சர்வீஸ் வழக்குகள் பார்க்கும் வக்கீல். சகோதரி தமிழ்நாடு அரசுப் பணி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அதே 2016 சட்டத்தின் பிரிவு 23ன்படி ஒவ்வொரு அரசு நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்திருக்க வேண்டும். பிரிவு 20 மீறப்பட்டால் முதல் புகார் அவரிடம். பதிவான இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும், திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். பல அலுவலகங்களில் அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது, சில இடங்களில் அந்த அலுவலருக்கே தெரியாது. அதனால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். குறைதீர் அலுவலர் யார், எந்தத் தேதியில் நியமிக்கப்பட்டார், பிரிவு 21ன்படி அலுவலகம் வெளியிட்டிருக்க வேண்டிய சம வாய்ப்புக் கொள்கையின் நகல், லிஃப்ட் பராமரிப்புப் பதிவேட்டின் நகல். கடைசியில் சொன்னது முக்கியம், உங்கள் மெமோவுக்கான விடை அதில்தான் இருக்கிறது. முப்பது நாளில் பதில் வரவேண்டும், "அப்படி யாரும் நியமிக்கப்படவில்லை" என்று வந்தால் அதுவும் உங்களுக்கு ஒரு ஆவணம்.

அதோடு பிரிவு 80ன் கீழ் மாநில ஆணையரிடம் போகலாம், மேலே நண்பர் மத்திய ஆணையர் பற்றிச் சொன்னதுதான் இங்கேயும் பெரும்பாலும் பொருந்தும். இடைக்காலத் தடை மட்டும் அங்கே கிடைக்காது, 2010லேயே உச்ச நீதிமன்றம் ஆணையருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. பழிவாங்கும் மாறுதல் உத்தரவு வந்தாலோ, உங்களை விட்டுவிட்டுப் பட்டியல் வந்தாலோ உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான். மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் தமிழ்நாட்டில் இப்போது இல்லை. மத்திய ஊழியர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், அங்கே ஒரு வருடக் காலக்கெடு உண்டு. மேல்முறையீடோ மனுவோ கொடுத்து ஆறு மாதம் பதிலே வராவிட்டால் அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஒரு வருடம். இந்தக் கணக்கைக் கோட்டை விட்டுவிட்டு நல்ல கேஸோடு வருகிறவர்கள் நிறைய.

அந்த "தர்ம சத்திரம்" பேச்சு பற்றி. பொதுப் பார்வையில் வேண்டுமென்றே அவமானப்படுத்துவது பிரிவு 92ல் குற்றம், ஆறு மாதம் முதல் ஐந்து வருடம்வரை தண்டனை. படித்ததும் கை துறுதுறுக்கும். ஆனால் சாட்சி சொல்ல உங்கள் பிரிவில் யார் வருவார்கள் என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அன்றைக்கு என்ன சொன்னார், யார் யார் இருந்தார்கள் என்று தேதி போட்டு எழுதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வசதி கேட்கும் விண்ணப்பத்தில் இதைக் கலக்க வேண்டாம், கலந்தால் "ஊழியருக்கும் அலுவலருக்கும் தனிப்பட்ட மனக்கசப்பு" என்று ஒரு வரியில் கோப்பை மூடிவிடுவார்கள்.

"தாமதத்துக்குத்தானே மெமோ, ஊனத்துக்கு இல்லையே" என்று அவர்கள் சொல்லலாம். 2021 டிசம்பரில் மத்திய ரிசர்வ் போலீஸ் அதிகாரி ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஊனம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை, காரணங்களில் ஒன்றாக இருந்தாலே சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

மாடிப்படி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. லிஃப்ட் பதிவேடு எனக்குத் தோன்றவே இல்லை. சங்க அண்ணன் ஒருவரிடமும் பேசினேன், அவர் விண்ணப்பத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். இன்னும் இரண்டு சந்தேகம். பதவி உயர்வு பற்றி இப்போதே எழுதலாமா, அல்லது பட்டியல் வரட்டுமா? அப்புறம் என் சதவீதம் சிகிச்சையில் குறைந்து 40க்குக் கீழே போய்விட்டால் இதெல்லாம் பறிபோய்விடுமா?

சர்வீஸ் வழக்கு எழுதியது:

40 சதவீதம் என்பது இட ஒதுக்கீடு போன்ற சிலவற்றுக்கு. உடல்நிலைக்கு ஏற்ற வசதி கேட்க அந்தக் கோடு கிடையாது, 2021 பிப்ரவரியில் தேர்வாணைய வழக்கு ஒன்றில், எழுதும்போது கை இறுகிப்போகும் பிரச்சினை உள்ள தேர்வர் ஒருவருக்கு எழுத உதவியாளர் தரலாமா என்ற கேள்வியில், உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். 20(4)லும் சதவீதம் எதுவும் போடவில்லை.

பதவி உயர்வு பற்றி இப்போதே எழுதுங்கள், ஆனால் தோழி சொன்னதை வைத்து எழுதாதீர்கள், அவர் வேலைக்கு ஆபத்து. "பட்டியல் தயாராகும் நிலையில் பிரிவு 20(3)ஐத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்" என்று ஒரு தனிக் கடிதம் போதும். ஊனத்தை மட்டும் காரணமாக வைத்துப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவு.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் எழுதியது:

அண்ணன் கொண்டுபோய்க் கொடுப்பது இருக்கட்டும், முத்திரை வாங்கிய பிரதி உங்கள் கைக்கு வந்ததா என்று பாருங்கள். சங்கத்து மேசையில் தூங்கிய மனுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது மெமோவுக்குப் பதில் கெடு எப்போது? அதை முதலில் முடியுங்கள், வேண்டுமானால் பெயர்களை எடுத்துவிட்டு வரைவை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.