பழைய உரைநூலின் ஒளிநகலில் மெய்யெழுத்துப் புள்ளிகள் மறைகின்றன: வழி சொல்லுங்கள்

கேள்வி (தமிழாசிரியர், தில்லி)

அனைவருக்கும் வணக்கம். தில்லியில் கல்லூரி மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். 1950களில் அச்சாகி, இப்போது விற்பனையில் இல்லாத ஓர் உரைநூலின் இரண்டு இயல்களை அவர்களுக்கு ஒளிநகல் எடுத்து வழங்க வேண்டும். தாள் மெலிந்து பழுத்துவிட்டதால் மறுபக்க எழுத்துகள் நிழலாகப் படிகின்றன. நகலை வெளிறச் செய்தால் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் மறைகின்றன; கருமையைக் கூட்டினால் தாளிலுள்ள கறைகளே புள்ளிகளாகத் தோன்றுகின்றன. ‘பல்’ எது, ‘பல’ எது என்று செய்யுளை முதன்முறை படிக்கும் மாணவர் எவ்வாறு அறிவார்? நடுமடிப்பை ஒட்டிய சொற்களும் கறுத்து வளைந்துவிடுகின்றன. அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

மறுமொழி (ஜெராக்ஸ் கடை நடத்துபவர், முனீர்க்கா)

வணக்கம் ஐயா. மூலநூலையே கண்ணாடியில் வைக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். நகலிலிருந்து எடுத்த நகலில் தொலைந்த புள்ளியை எந்த இயந்திரத்தாலும் மீட்க முடியாது. விளக்கொளி மெல்லிய தாளை ஊடுருவி, பின்னாலுள்ள வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும்போது மறுபக்க எழுத்தையும் சுமந்து வருவதுதான் நிழலுக்குக் காரணம். நகலெடுக்கும் பக்கத்துக்குப் பின்னால் கறுப்புச் சார்ட் தாள் ஒன்றைச் செருகினால் அந்த ஒளி அங்கேயே அடங்கிவிடும். பக்கம் சற்றுச் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அடர்த்தியை ஒரு படி மட்டும் குறையுங்கள். இயந்திரம் புகைப்பட முறையில் இருக்கக் கூடாது. அது சாம்பல் நிறத்தை நுண்புள்ளிகளாக உடைத்துக் காட்டுவதால், அவை மெய்யெழுத்துப் புள்ளிகளோடு கலந்துவிடும். எழுத்து முறையே உங்களுக்கு ஏற்றது.

செலவைக் குறைக்க இரு பக்கங்களை ஒரே தாளில் எடுப்பது கடைகளின் வழக்கம். உங்கள் நூலுக்கு அது பொருந்தாது. ஒவ்வொரு பக்கமாக வைத்து, மடிப்போரத்தை மட்டும் உள்ளங்கையால் மெல்ல அழுத்தி எடுத்தால் வளைவு குறையும். பழைய தையல் விட்டுப்போகும் என்பதால் மூடியால் அமுக்க விடாதீர்கள். டெமி அளவுப் பக்கத்தை (ஏறத்தாழ ஏ5 தாளளவு) 125 விழுக்காடு பெரிதாக்கினாலும் ஏ4 தாளுக்குள் அடங்கும். புள்ளிகளும் தெளிவாகத் தெரியும்.

கேட்டவர்

மிக்க நன்றி. கறுப்புத் தாளைச் செருகியதும் நிழல் நீங்கியது. ஆயினும், எடுத்த நகலைக் கொண்டு பிரதிகளைப் பெருக்கியபோது எல்லாத் தாள்களிலும் மேலிருந்து கீழாக, ஒரே இடத்தில், மெல்லிய கறுப்புக் கோடு விழுகிறது. இயந்திரத்தினுள் எழுத்தைத் தாளுக்கு மாற்றும் உருளையான டிரம் பழுதென்று கடைக்காரர் கூறுகிறார்.

மறுமொழி (முனீர்க்கா)

தாள்களை மேலேயுள்ள ஃபீடரில் அடுக்கி எடுக்கும்போது மட்டும் கோடு விழுந்தால் அது டிரம்மின் பழுதன்று. பெரிய கண்ணாடிக்கு அருகில் குறுகிய கண்ணாடிப் பட்டை ஒன்று உண்டு. தாள் அதன்மேல் நகர்ந்து செல்வதால், அங்கே ஒட்டிய ஒரு துளி ஒயிட்னரோ பசையோ பக்கம் முழுவதும் கோடாக நீண்டுவிடும். அதை மென்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பெரிய கண்ணாடியில் வைத்து எடுத்தாலும் கோடு வந்தால் பிறகு டிரம்மைப் பார்க்கலாம்.

மறுமொழி (ஆய்வு மாணவி, வடக்குத் தில்லி)

ஐயாவுக்கு வணக்கம். பிரதிகளைப் பெருக்க வேண்டுமானால் நூலை ஒருமுறை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில், சாம்பல் முறையில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்பாக வைத்துக்கொள்வதே நல்லது. அடுத்த ஆண்டு நூலை மீண்டும் விரித்து வருத்த வேண்டியதில்லை. பதிப்புரிமையைச் சொல்லிச் சில கடைகள் தயங்கக்கூடும். தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகம் ஒன்றின் மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் தொடுத்த வழக்கில், கற்பித்தலுக்காக நூற்பகுதிகளை நகலெடுப்பதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. கற்பித்தலுக்கு எவ்வளவு தேவை என்பதே அங்கு அளவுகோல். ஆகவே எந்தப் பாடத்துக்கு எந்த இயல்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எல்லாப் பிரதிகளையும் அச்சிடச் சொல்வதற்கு முன், அடிக்குறிப்பு மிகுந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்சிட்டு மூலநூலோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தச் சிற்றெழுத்துகளில்தான் புள்ளிகள் முதலில் மறையும்.