எக்ஸ்பாக்ஸ் 360: ஹார்டு டிஸ்கில் ஏற்றினால் எந்த கேமும் வேகமாகுமா?

பழையபெட்டி
காலையிலேயே கடுப்பு. மைக்ரோசாஃப்டின் கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் 360 பழையதாக ஒன்று வாங்கலாமா என்று நேற்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அதற்கு டர்போதம்பி எழுதிய பதில் இது: "எந்த கேமாக இருந்தாலும் உள்ளே இருக்கிற ஹார்டு டிஸ்கில் ஏற்றிவிட்டால் டிவிடியை விட வேகமாகத்தான் லோடு ஆகும், யோசிக்கவே வேண்டாம்." எந்த கேமாக இருந்தாலுமா? 2007-ல் ஹேலோ 3 என்று ஒன்று வந்ததே, அதை ஏற்றிப் பார்த்தீர்களா? 2008 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் புது டாஷ்போர்டில், அதாவது பெட்டியைப் போட்டதும் வரும் முகப்புத் திரையில், கேமை ஹார்டு டிஸ்கில் ஏற்றும் வசதியைக் கொடுத்தபோதே, ஹேலோ 3-ஐ ஏற்றினால் லோடிங் நேரம் கூடும் என்று அதைச் செய்த பங்கி நிறுவனமே சொல்லிவிட்டது. செய்தவர்களே சொன்னதை விட உங்களுக்கு அதிகம் தெரியுமா?

டர்போதம்பி
அண்ணா, கணக்கைப் பாருங்கள். 360-ன் டிவிடி டிரைவின் வேகம் 12x. தட்டின் வெளி ஓரத்தில் நொடிக்கு 16 எம்பி கிடைக்கலாம், உள் ஓரத்தில் அதில் பாதிகூட வராது. 5400 சுற்று ஹார்டு டிஸ்க் 30 எம்பிக்கு மேல் தரும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவ டிவிடிக்கு நூறு மில்லி விநாடிக்கு மேல் ஆகும், ஹார்டு டிஸ்குக்குப் பதினைந்து சொச்சம்தான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பழையபெட்டி
கணக்கு சரி. ஹேலோ 3-ல் அந்தக் கணக்கு எடுபடாது என்பதுதான் என் பேச்சு. ஏன் என்று பொறுமையாகப் படியுங்கள். அந்த கேம் ஏற்கனவே ஹார்டு டிஸ்கைப் பயன்படுத்தித்தான் ஓடுகிறது. டிவிடியிலிருந்து மேப்பை, அதாவது விளையாடும் களத்தை எடுத்து, ஹார்டு டிஸ்கில் தற்காலிகமாக வைக்கிற கேச் பகுதியில் எழுதி, அங்கிருந்து ஓட்டும். அதாவது ஒரு தட்டு படிக்கிறது, இன்னொரு தட்டு எழுதுகிறது, ஆளுக்கொரு வேலை. நீங்கள் கேமையே ஹார்டு டிஸ்கில் ஏற்றினால் என்ன ஆகும்? அதே டிஸ்கில் படித்து அதே டிஸ்கில் எழுத வேண்டும். ஒரே தலை இங்கும் அங்கும் அலைகிறது. என் பழைய வெள்ளை 360-ன் மேல் காதை வைத்தால் அந்த டிக் டிக் சத்தம் கேட்கும், திரையில் லோடிங் கோடு நகரவே நகராது, எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். ஏற்றியதை அழித்துவிட்டு டிவிடியில் போட்டேன், கிடுகிடுவென்று வந்தது. ஹேலோ 3-ஐ ஏற்றிப் பார்த்தீர்களா இல்லையா, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

நெல்லை_கேமர்
ஒரு சின்ன கேள்வி. "உள்ளே இருக்கிற" என்று எதைச் சொல்கிறோம்? பழைய 360-ல் டிஸ்க் மேலே கொக்கி போட்டு மாட்டியிருக்கும், 2010-ல் வந்த ஒல்லி மாடலில்தான் உள்ளே போனது. அப்புறம், ஏற்றிய பிறகும் டிவிடி டிரேயில் இருந்தால்தான் கேம் திறக்கும். இதை ஹார்டு டிஸ்கிலிருந்து ஓடுவது என்று சொல்லலாமா? முதலில் அதை முடிவு செய்துவிட்டுப் பேசலாமே.

டர்போதம்பி
அண்ணா, ஹேலோ 3 ஹேலோ 3 என்று ஒரே பாட்டு. நூறு கேமில் ஒன்று. மற்ற தொண்ணூற்றொன்பதும் வேகமாகத்தான் ஓடும். சத்தத்தை யோசித்தீர்களா? டிவிடி சுற்றும்போது அந்தப் பெட்டி மாவு மில் மாதிரி இரையும், ராத்திரி அம்மா எழுந்து வந்து திட்டுவார். ஏற்றிவிட்டால் விசிறிச் சத்தம் மட்டும்தான். டிவிடி சுற்றிக்கொண்டிருக்கும்போது பெட்டியை யாராவது நகர்த்தினால் வட்டமாகக் கீறல் விழுந்து டிவிடியே போய்விடும், அந்தப் பயமும் இல்லை.

பழையபெட்டி
சத்தம் பற்றி நான் பேசவே இல்லை, கீறல் பற்றியும் பேசவில்லை. நீங்கள் எழுதியது "வேகம்". எழுதிய சொல் "எந்த கேமாக இருந்தாலும்". ஹேலோ 3 வேகமா, மெதுவா? ஒரே சொல்லில் பதில்.

தமிழ்க்கணிமி
வன்தட்டு என்று அழகான தமிழ்ச்சொல் இருக்கும்போது இத்தனை பேரும் ஹார்டு டிஸ்க், ஹார்டு டிஸ்க் என்று எழுதுவது வருத்தமாக இருக்கிறது. நாமே எழுதாவிட்டால் யார் எழுதுவார்கள்?

குட்டிச்சாத்தான்77
கடையில் போய் "360-க்கு 2.5 அங்குல வன்தட்டு கொடுங்கள்" என்று கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள் ஐயா. போகட்டும், இந்தச் சண்டையே வீண். சோனியின் பிளேஸ்டேஷன் 2, அதாவது பிஎஸ்2, அதன் பெரிய மாடலின் பின்னால் நெட்வொர்க் அடாப்டர் மாட்டி, ஐடிஇ என்ற பழைய வகை ஹார்டு டிஸ்க் செருகி, ஓபன் பிஎஸ்2 லோடர் என்ற மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள். டிவிடியே தேவையில்லை. அதுதான் ஹார்டு டிஸ்கில் கேம் ஓட்டுவது. உங்கள் 360-ல் ஏற்றிய பிறகும் டிவிடியைத் தேட வேண்டும், என்ன பெருமை இதில்?

தமிழ்க்கணிமி
கேட்டிருக்கிறேன். கடைக்காரர் புரிந்துகொண்டார். கிண்டல் செய்வதற்கு முன் முயன்று பாருங்கள்.

டர்போதம்பி
பிஎஸ்2-வுக்கு டிஸ்க் எதற்கு, பென்டிரைவே போதும். ஒல்லி மாடலிலும் ஓடும்.

குட்டிச்சாத்தான்77
பென்டிரைவா! பிஎஸ்2-வில் இருப்பது யூஎஸ்பி 1.1. நொடிக்கு ஒரு எம்பி வந்தாலே பெரிது. அந்தப் பெட்டியின் 4x டிவிடியே 5 எம்பி தருகிறது. வீடியோ காட்சி வந்தால் படம் திக்கித் திணறும், குரல் ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம் போகும். போன வருடம் தெர்மல் பேஸ்ட் விவாதத்திலும் இப்படித்தான் கேள்விப்பட்டதையெல்லாம் எழுதினீர்கள், நான் மறக்கவில்லை.

டர்போதம்பி
அந்த விவாதத்தில் யார் சொன்னது சரி என்பது எல்லாருக்கும் தெரியும். அதை இங்கே இழுக்காதீர்கள்.

பழையபெட்டி
பிஎஸ்2, வன்தட்டு, தெர்மல் பேஸ்ட் எல்லாம் ஓரமாக வையுங்கள். நூறில் ஒன்று என்றீர்களே தம்பி, இரண்டாவதையும் தருகிறேன். 2013-ல் வந்த ஜிடிஏ 5 கேம். 360-ல் இரண்டு டிவிடி. முதல் டிவிடியை ஏற்றியே ஆக வேண்டும், சுமார் 8 ஜிபி. இரண்டாவதைப் போட்டு விளையாட வேண்டும். அந்த இரண்டாவதை ஹார்டு டிஸ்கில் ஏற்ற வேண்டாம் என்று அதைச் செய்த ராக்ஸ்டார் நிறுவனமே சொன்னது. காரணம் ஹேலோ 3-ல் பார்த்த அதே கதைதான். ஊருக்குள் காரில் வேகமாகப் போகும்போது டிஸ்கிலிருந்து பாதி, டிவிடியிலிருந்து பாதி என்று இரண்டு வாய்க்காலில் தண்ணீர் வர வேண்டும். இரண்டையும் ஒரே வாய்க்காலில் விட்டால் சாலையும் சுவரும் மங்கலாக வந்து, நாம் கடந்த பிறகுதான் தெளியும். என் கண்ணால் பார்த்தது. ஆனால் ஜிடிஏ-வை விடுங்கள், ஹேலோ 3-க்கு வாருங்கள்.

நெல்லை_கேமர்
என் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை.

டர்போதம்பி
இரண்டு கேம் ஆகிவிட்டது, சரி. அப்போதும் 98 என் பக்கம். அந்தப் பதிலை மாற்ற மாட்டேன்.

பழையபெட்டி
ஆக, ஹேலோ 3 மெதுவாகிறது என்று ஒத்துக்கொண்டீர்கள்.

டர்போதம்பி
எங்கே ஒத்துக்கொண்டேன்? 98 என்றுதான் சொன்னேன். 12x டிவிடியால் ஹார்டு டிஸ்கை ஜெயிக்க முடியாது.

பழையபெட்டி
டிவிடி ஜெயிக்கிறது என்று எவன் சொன்னான்? ஒரு டிஸ்கை இரண்டு வேலை வாங்கக் கூடாது என்கிறேன். அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

புதுசு_பையன்
அண்ணன்களே, நேற்று கேட்டது நான்தான். 20 ஜிபி டிஸ்கோடு ஒரு 360 கிடைக்கிறது. வாங்கலாமா?

டர்போதம்பி
20-ல் சுமார் 14 ஜிபிதான் கைக்கு வரும், இரண்டு கேம் ஏற்றினால் முடிந்தது. 120 தேடுங்கள். எதை வாங்கினாலும் ஏற்றித்தான் விளையாட வேண்டும்.

பழையபெட்டி
தம்பி, 2024 ஜூலையில் 360-ன் ஆன்லைன் கடையை மூடிவிட்டார்கள், இனி டிவிடிதான் கதி. அதனால் டிரே ஒழுங்காகத் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹேலோ 3 டிவிடியும் சேர்த்துத் தருகிறாரா என்று கேளுங்கள். தந்தால், அதை மட்டும் ஏற்றாதீர்கள்.