முன்னாள் மாணவர் கௌரவிப்பு: புகழ் மட்டும்தான் அளவுகோலா?

கேள்வி:
சிற்றூர் உயர்நிலைப் பள்ளி ஒன்றில், கௌரவிக்க வேண்டிய முன்னாள் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருக்கிறேன். முப்பது ஆண்டுகள் செவிலியராக உழைத்த ஒருவரின் பெயரை முன்வைத்தேன். "வெளியே யாருக்குத் தெரியும்?" என்று ஒதுக்கிவிட்டார்கள். மனம் ஆறவில்லை.

பதில் 1:
விடாதீர்கள். அவர் கவனிப்பில் தேறியவர்கள் நான்கைந்து பேரிடம் கையெழுத்திட்ட கடிதம் வாங்கிப் பரிந்துரையோடு இணையுங்கள்.

பதில் 2:
1970இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற வேளாண் அறிவியலாளர் நார்மன் போர்லாக், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிரெஸ்கோ என்ற சிற்றூரில் உயர்நிலைப் பள்ளி படித்தவர். அங்கே மல்யுத்த வீரர். அதுபோல, நீங்கள் கௌரவிப்பவரின் படத்தின் கீழ் பதவியை மட்டும் போடாமல், பள்ளியில் என்ன செய்தார் என்பதையும் எழுதுங்கள். பிள்ளைகள் நின்று படிப்பது அதைத்தான்.

கேட்டவர்:
முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பாக இருந்த மாணவி அவர்! அதையே முதல் வரியாக எழுதுகிறேன். கடிதங்களுக்கு நாளையே புறப்படுகிறேன்.