சால்டர் வைக்க முடியாத இடத்தில் வெள்ளிப் பசை: உங்கள் அனுபவம் எப்படி?

சால்டர்புகை:
அதிர்வை அளக்கும் பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக் படலத்தில் ஒயர் இணைக்க வேண்டியிருந்தது. சுமார் 80 டிகிரியைத் தாண்டினாலே அதன் பீசோ குணம் (அழுத்தினால், வளைத்தால் மின்னழுத்தம் தரும் தன்மை) மங்கத் தொடங்கிவிடும். பிஸ்மத் கலந்த குறைவெப்ப சால்டரே 138 டிகிரியில்தான் உருகும் என்பதால் சால்டரிங் அயர்னைக் கிட்டே கொண்டுபோகவே வழியில்லை.

கடையில் வெள்ளி எப்பாக்சி (வெள்ளித்தூள் கலந்த, மின்சாரம் கடத்தும் பசை) கேட்டதும், “இதுக்கு மேல நல்லது கிடையாது சார்” என்று ஒரு சிரிஞ்சை நீட்டினார்கள். மின்தடை என்னவோ நன்றாகக் குறைவுதான். ஆனால் இறுகுவதற்கு 150 டிகிரியில் ஒரு மணி நேரம் என்று டேட்டா ஷீட்டில் போட்டிருந்தது! சால்டரையாவது நொடிக்கணக்கில் வைத்து எடுத்துவிடலாம். இதை ஓவனில் வைத்தால் படலம் மொத்தமும் வெந்துவிடும்.

கடைசியில் இரண்டு பாகமாகக் கலந்து, அறை வெப்பத்திலேயே ஒரு நாளில் இறுகும் வகையை வாங்கினேன். சூட்டில் இறுகவிட்டால் கிடைப்பதைவிட மின்தடை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இந்தப் படலத்துக்கு அது பொருட்டே இல்லை; சில ஓம் கூடினால் சிக்னலில் தெரியப்போவதில்லை. வேலை நன்றாகவே முடிந்தது.

மழைக்காலம்:
உங்கள் படலத்தில் மின்முனை வெள்ளிப் பூச்சாக இருந்திருக்கும், அதனால் தப்பித்தீர்கள். எங்களிடம் சர்வீசுக்கு வந்த, வெள்ளிப் பசையால் ஒட்டிய சென்சார் போர்டுகளில் பேடெல்லாம் (இணைப்பு வைக்கும் உலோகப் பரப்பு) டின், அதாவது வெள்ளீயப் பூச்சு. புதிதில் மீட்டரில் பிரமாதமாகக் காட்டியது. ஈரமான இடத்தில் சில மாதம் ஓடியதும் ஒவ்வொன்றாக மின்தடை ஏறத் தொடங்கியது. பசை விட்டுப்போகவில்லை, இழுத்தாலும் வரவில்லை. வெள்ளியும் டின்னும் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் டின் அரித்து ஆக்சைடு படிகிறது, அவ்வளவுதான். தங்கப் பூச்சுள்ள போர்டுக்கு மாற்றிய பிறகு அந்தப் புகார் வரவில்லை.

இன்னொன்று: நெருக்கமான இரண்டு தடங்களுக்கு இடையே டிசி மின்னழுத்தம் இருந்து ஈரமும் சேர்ந்தால், வெள்ளி மெல்ல நகர்ந்து ஷார்ட் ஆகிவிடும். அங்கே மேலே ஒரு கோட்டிங் கட்டாயம்.

சிரிஞ்ச்மூடி:
ஃபிரீசரில் வைக்கும் ஒருபாகப் பசை வாங்குபவர்கள் கவனிக்கவும். வெளியே எடுத்த உடனே மூடியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த பசையில் காற்றின் ஈரம் இறங்கிவிடும். முழுக்க அறை வெப்பத்துக்கு வரட்டும். டப்பாவில் வருவதென்றால் அடியோடு கிளறுங்கள், வெள்ளித்தூள் கீழே தங்கிவிடும். அப்புறம், ஒயரின் இழுவையைத் தாங்கும் வேலையை வெள்ளிப் பசையிடம் விடாதீர்கள். எடையில் முக்கால் பங்குக்குப் பக்கமாக வெள்ளியே இருப்பதால் ஒட்டும் பிசினுக்கு இடம் குறைவு. மேலே சாதா எப்பாக்சி ஒரு சொட்டு வையுங்கள்.

சால்டர்புகை:
@மழைக்காலம் ஆமாம் சார், வெள்ளி மைப் பூச்சுதான். சாதா எப்பாக்சி யோசனைக்கு நன்றி, அதையும் வைத்துவிடுகிறேன்.

ரிமோட்_டாக்டர்:
இவ்வளவு செலவு எதற்கு? சில ஓம் பொருட்டில்லை என்றால் கார்பன் பசையே போதுமே. ரிமோட் பட்டன்களின் ரப்பரில் தேய்ந்த கருப்புப் பூச்சை நான் அதில்தான் சரிசெய்கிறேன். விலையும் குறைவு, வெள்ளி மாதிரி நகர்ந்துபோகும் தொல்லையும் இல்லை. மோட்டார், எல்இடி மாதிரி கரண்ட் இழுக்கும் இடத்துக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள், சூடாகிவிடும்.