ஜார்க்கண்டில் பச்சிளங்குழந்தை இறப்புக் குறைவு 45 சதவீதமா 32 சதவீதமா: நாடகமா, கூட்டமா?

பொன்னி (ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்)

நேற்று இங்கே "கூத்துக்களரி" எழுதியதை அப்படியே தருகிறேன்: "செவிலியர்கள் ஆண்டுக்கணக்கில் வீடு வீடாகப் போய்ச் சொல்லியும் நடக்காததை ஒரு நல்ல நாடகம் ஒரே இரவில் நடத்திக் காட்டும். ஜார்க்கண்டில் கதை சொல்லியே பச்சிளங்குழந்தை இறப்பை 45 சதவீதம் குறைத்தார்கள்."

படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஜார்க்கண்டில் எந்த இரவில் நடந்தது அது? ஏக்ஜுத் என்ற அமைப்பு 2005 முதல் 2008 வரை மேற்கு சிங்பூம், சராய்கேலா கர்சாவான், ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டங்களில் வேலை செய்தது. மொத்தம் 244 மகளிர் குழுக்கள். மாதம் ஒரு கூட்டம், ஒரு சுற்றுக்கு 20 கூட்டங்கள். முடிவுகள் 2010இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தன. மூன்று ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு 32 சதவீதம். 45 என்பது இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளின் கணக்கு மட்டுமே. ஒரே இரவில் மாறும் என்றால் முதல் ஆண்டிலேயே அந்த 45 வந்திருக்க வேண்டுமே?

கூத்துக்களரி

அம்மா, உங்கள் பணியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 45 பொய்யில்லை. அதே கட்டுரையில்தான் இருக்கிறது. குழுவைக் கூட்டி, பழகி, பேச்சு தொடங்கவே முதல் ஆண்டு போய்விடும். நாற்று நட்ட மாதத்தையும் விளைச்சல் கணக்கில் சேர்த்து "மகசூல் குறைவு" என்று சொல்வீர்களா? 45 தான் அந்த முயற்சியின் உண்மையான பலன்.

அந்தக் கூட்டங்களில் மாத்திரையா கொடுத்தார்கள்? பட அட்டை வைத்து விளையாடினார்கள், கதை சொன்னார்கள், பெண்களே நடித்துக் காட்டினார்கள். அது கலை இல்லையென்றால் எது கலை?

திருச்சி_கணக்கு

இதே முறையை வங்கதேசத்திலும் செய்தார்கள். அந்த ஆய்வும் 2010இல் அதே இதழில் வந்தது. அங்கே இறப்பு குறையவில்லை. கதைதான் காரணம் என்றால் அங்கே ஏன் பலிக்கவில்லை? ஜார்க்கண்டில் 468 பேருக்கு ஒரு குழு. வங்கதேசத்தில் 1,414 பேருக்கு ஒரு குழு. குழுக்களை நெருக்கமாக அமைத்துப் பின்னர் மறுபடி செய்தபோதுதான் அங்கேயும் குறைந்தது.

பொன்னி

அப்படிக் கேளுங்கள் தம்பி. கதை அதேதான், ஆனால் உட்கார்ந்து பேசிய பெண்கள் போதவில்லை. நான் சொல்வதும் அதைத்தான். நாடகம் பார்க்கிறவள் வாயைத் திறப்பதில்லை. கூட்டத்தில் உட்கார்ந்தவள் திறக்கிறாள்.

என் பகுதிக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி ஒரு நாடகக் குழு வந்தது. கோயில் திடல் நிறைந்துவிட்டது. முடிந்ததும் "யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். பெண்கள் கைக்குழந்தையின் துண்டைச் சரிசெய்தபடி தலையைக் குனிந்துகொண்டார்கள். மறுநாள் அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி தராசின் கொக்கியைப் பிடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "வெள்ளைப்படுவது நாற்றத்தோடு இருந்தால் அந்த நோய்தானா?" என்றாள். பின்னால் நின்ற இருவரும் உடனே தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். அன்று அங்கே மேடையும் இல்லை, மத்தளமும் இல்லை. அவர்களைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனது செவிலியர். செவிலியரால் எதுவும் நடக்கவில்லை என்று எழுத எப்படி மனம் வருகிறது?

முதல் ஆண்டில் 45 ஏன் வரவில்லை என்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

கூத்துக்களரி

சொல்லிவிட்டேன். முதல் ஆண்டு தயாரிப்பு.

மேலும், முந்தைய நாள் நாடகம் இல்லாமல் அந்தப் பெண் மறுநாள் கேட்டிருப்பாளா? அதற்கு முன் எத்தனை மாதம் அதே தராசுக்கு வந்திருப்பாள்? உங்கள் கதையே என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. 45.

தாமிரபரணி

இருவரும் வடக்கேயே நிற்கிறீர்கள். தெருக்கூத்தில் ஆண்தான் சேலை கட்டி வருகிறான். அவன் மாதவிலக்கைப் பற்றிப் பேசினால் பெண்கள் சிரிப்பார்களே தவிரக் கேட்க மாட்டார்கள். எங்கள் வில்லுப்பாட்டில் பெண்ணே வில்லடித்துப் பாடுகிறாள். பக்கப்பாட்டுக்காரர் "ஆமாம்" போட்டுக் கேள்வி கேட்கிறார். பெண்களுக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கும் கேள்வியை அவரே கேட்டுவிடலாம். இதற்கு வில்லுப்பாட்டை விடப் பொருத்தமான கலை கிடையாது.

ஆரணி_செல்வி

என் அப்பா பெண் வேடக்காரர். துகில் உரியும் காட்சியில் அவர் அழும்போது அழாத பெண்ணை நான் பார்த்ததில்லை. சேலை கட்டிய ஆண் என்றால் சிரிப்பார்கள் என்று நெல்லையில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இங்கே யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தொண்டு நிறுவனம் இரத்தசோகை பற்றிக் கூத்துப் போடச் சொல்லி அப்பாவின் குழுவை அழைத்தது. "முருங்கைக்கீரை, இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு" என்று எழுதிய தாளைக் கையில் கொடுத்து, இதைக் கட்டியங்காரன் (கூத்தில் கதையை நடத்திச் செல்லும் கோமாளி) வாயில் திணியுங்கள் என்றார்கள். மாத்திரை தின்றால் மலம் கறுத்துப் போகும், வயிறு புரட்டும் என்பதால்தான் பெண்கள் அதைத் தூக்கி எறிகிறார்கள் என்று அப்பா சொன்னார். அதை வைத்தே காட்சி கட்டலாம் என்றார். வேண்டாம், தாளில் உள்ளது போதும் என்றார்கள். கூலியும் நெடுநாள் இழுத்தடித்துத்தான் வந்தது. கலையால் பயனில்லை என்பவர்கள் கலைஞனை எப்படி நடத்தினார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பொன்னி

செல்வி, உன் அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மலம் கறுக்கும், பயப்படாதே, சாப்பிட்டபின் போட்டுக்கொள் என்று நானே ஒவ்வொரு வாசலிலும் சொல்லியிருக்கிறேன். அதை ஊரார் முன் அவர் சொன்னால் எனக்குப் பாதி வேலை மிச்சம். மீதி வேலை யாருடையது என்பதுதான் வழக்கு.

ஜார்க்கண்டில் மாறியது என்ன என்று யாராவது பார்த்தீர்களா? மருத்துவமனைப் பிரசவம் பெரிதாகக் கூடவில்லை. பிரசவம் பார்ப்பவர் கை கழுவுவது கூடியது. தொப்புள்கொடி கட்டும் நூலைக் கொதிக்க வைப்பது கூடியது. தாய்ப்பால் மட்டுமே கொடுப்பது கூடியது. மூன்றாம் ஆண்டில் தாய்மார்களின் மிதமான மனச்சோர்வு 57 சதவீதம் குறைந்தது. நூலைக் கொதிக்க வைக்க வேண்டும் என்று ஒரு முறை கேட்டால் மறந்துபோகும். "நம் ஊரில் போன மாதம் இறந்த குழந்தை ஏன் இறந்தது? அது ஏன்? அதற்கு முன் என்ன நடந்தது?" என்று மாதாமாதம் துருவிப் பேசிய பெண்தான் மாமியாரை எதிர்த்து அடுப்பில் தண்ணீர் வைப்பாள். 45 என்று பலகையில் எழுதி வைத்துவிட்டு இந்த 20 கூட்டங்களை மறைப்பது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

கூத்துக்களரி

நான் எதையும் மறைக்கவில்லை. தருமபுரியை மட்டும் நீங்கள் ஏன் தொடவில்லை? 1990களின் பிற்பகுதியில் டென்மார்க் உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தில், பெண்சிசுக் கொலைக்கு எதிராக மாவட்டம் முழுக்க வீதி நாடகக் கலைப்பயணம் போனது. அதன் பிறகு கொலைகள் குறைந்தன. அதையும் செவிலியர் பெயரில் எழுதிக்கொள்வீர்களா?

திருச்சி_கணக்கு

வேண்டாத பெண்குழந்தையை அரசிடமே விட்டுவிடும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இலேயே வந்துவிட்டதே. அதுவும் காரணமாக இருக்கலாம் அல்லவா?

கூத்துக்களரி

1992இல் வந்தது சேலத்துக்கு. தருமபுரிக்கு நீண்டது 2001இல். கணக்கு என்று பெயர் வைத்துக்கொண்டு ஆண்டைத் தவற விடாதீர்கள்.

திருச்சி_கணக்கு

ஆண்டு இருக்கட்டும். வங்கதேசத்துக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. போன மாதம் மருத்துவச்சிகள் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான், கேட்டதை விட்டுவிட்டு வேறு மாவட்டத்துக்கு ஓடினீர்கள்.

பொன்னி

தருமபுரியில் நாடகக்காரர்கள் அடுத்த ஊருக்குப் போன பிறகு, மூன்றாவதும் பெண் என்று வயிற்றில் சுமந்திருந்தவள் வீட்டுக்கு நடந்தது யார்? கையில் பதிவேட்டோடு போன செவிலியர். பிரசவம் எங்கே, குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று மாமியார் முறைப்பைத் தாங்கிக்கொண்டு கேட்டவள் அவள். கலைப்பயணம் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஒரே இரவு என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள், அவ்வளவுதான். நேபாளத்தின் மக்வான்பூரில் 2004இல் வந்த ஆய்வும் மாதாந்தரக் கூட்டம்தான். 30 சதவீதம் குறைந்தது. ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013ஆம் ஆண்டுக் கட்டுரை, கர்ப்பிணிகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்காவது கூட்டத்துக்கு வந்த இடங்களில்தான் பலன் வலுவாக இருந்தது என்கிறது. எந்த ஊரிலும் ஒரே இரவு இல்லை.

மதுரைக்காரி

செவிலியர் பெருமையை இவ்வளவு நேரம் படித்தேன். என் முதல் பிரசவத்தில் வலியில் கத்தியதற்கு ஒரு செவிலியர் சொன்ன சொல் இன்றும் காதில் இருக்கிறது. பெண்கள் உங்களிடம் ஏன் வாய் திறப்பதில்லை என்று உங்கள் துறையையும் கொஞ்சம் கேளுங்கள். திட்டாதது நாடகம் ஒன்றுதான்.

பொன்னி

அந்தச் சொல்லைச் சொன்னவளை நான் ஆதரிக்க மாட்டேன் அம்மா. ஆனால் பிரசவ அறை வேறு, கிராமச் செவிலியர் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். இங்கே பேசுவது 32 பற்றி.

கூத்துக்களரி

45 பற்றி.

தாமிரபரணி

செல்வி, கண்ணீர் வேறு, கேள்வி வேறு. பாஞ்சாலிக்காக அழுகிற பெண், தன் உதிரப்போக்கைப் பற்றிக் கேட்பாளா? வில்லுப்பாட்டில் கேட்பாள்.

ஆரணி_செல்வி

எங்கள் ஊர்க் கூத்தை விடிய விடிய உட்கார்ந்து ஒரு முறையாவது பார்த்திருக்கிறீர்களா? ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லுங்கள்.