60 பாகைக்கு வடக்கே உயரத் தரவு: தென் நஹானி ஆற்றுக்கு எதை நம்பலாம்?

புவியியல் மாணவி, திருப்பரங்குன்றம்:
கனடாவின் வடமேற்கு ஆட்சிப்பகுதியில் ஓடும் தென் நஹானி ஆற்றின் பள்ளத்தாக்குகளுக்கு 1:50,000 அளவையில் சமஉயரக்கோட்டுப் படம் வரைய முயல்கிறேன். வைகை வடிநிலத்துக்குப் பயன்படுத்திய எஸ்ஆர்டிஎம் (விண்ணோட ராடார் அளந்த நில உயர) தரவைத் தேடினால், அப்பகுதி வெறுமையாகவே இருக்கிறது. காரணம் என்ன? மாற்றாக எதைக் கொள்ளலாம்?

ஓய்வுபெற்ற நில அளவையர், உசிலம்பட்டி:
அம்மா, அந்தத் தரவு 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 57 பாகைச் சாய்வில் பூமியைச் சுற்றியபோது எடுக்கப்பட்டது. ஆதலால் வடக்கே 60 பாகை அட்சரேகையோடு நின்றுவிடுகிறது. நஹானியோ அதற்கும் வடக்கே ஓடுகிறது. அங்கே ஆர்க்டிக்டெம் என்னும் வடதுருவப் பகுதி உயரத் தரவு உண்டு. செயற்கைக்கோளின் இரட்டைப் படங்களிலிருந்து 2 மீட்டர் இடைவெளியில் உருவாக்கப்பட்ட அது, தரையை அன்றி மேற்பரப்பையே அளக்கிறது என்பதை மறவாதீர்கள். ஸ்புரூஸ் காட்டில் மர உச்சியே தரையாகிவிடும்; செங்குத்துப் பாறைகளின் நிழலிலும் ஓடும் நீரிலும் இரு படங்களும் பொருந்தாமல் இல்லாத குழிகளும் மேடுகளும் முளைக்கும். எனவே ஆற்றைக் காட்டும் கோடுகளைக் கனடா அரசின் 1:50,000 வரைபடத் தாள்களிலிருந்து எடுப்பதே மேல். ஆனால் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து பின்னிச் செல்லும் கீழ்ப்பகுதியில் சரளைத் திட்டுகள் இடம் மாறிக்கொண்டிருக்கும். அங்கே மட்டும் பழைய தாளைப் புதிய செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.

புவித்தகவல் பணியாளர், மதுரை:
ஐயா சொன்னதோடு இதையும் கவனியுங்கள். ஆர்க்டிக்டெம் துருவ வீழலில் (துருவத்தை நடுவாக வைத்து உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறையில்), 45 பாகை மேற்குத் தீர்க்கரேகையை மையமாகக் கொண்டது. ஆதலால் நஹானிப் பகுதி ஏறத்தாழ 80 பாகை திரும்பிப் படுத்த நிலையில் திறக்கும். அதை யூடிஎம் வீழலுக்கு (பூமியை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து வரையும் முறைக்கு) மாற்றிய பிறகே சரிவைக் கணக்கிடுங்கள். வருசநாட்டு மலை 43ஆம் மண்டலத்திலும் மதுரை நகரம் 44ஆம் மண்டலத்திலும் விழுவது நமக்குப் பழகிய தொல்லைதான். நஹானியையும் 126 பாகை மேற்குக் கோடு 9, 10 என இரண்டாகப் பிரிக்கிறது. நல்லவேளையாக அவ்வாற்றின் விர்ஜீனியா அருவியும் அதற்குக் கீழுள்ள பள்ளத்தாக்குகளும் 10ஆம் மண்டலத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

புவியியல் மாணவி, திருப்பரங்குன்றம்:
மிக்க நன்றி. அருவிக்குக் கீழுள்ள பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். அந்த உயரங்கள் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டவையா?

ஓய்வுபெற்ற நில அளவையர், உசிலம்பட்டி:
இல்லை, எலிப்சாய்டிலிருந்து, அதாவது பூமியின் வடிவமாகக் கணிதமுறையில் கொள்ளும் சீரான நீள்வட்டப் பரப்பிலிருந்து. மதுரையில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு 90 மீட்டரைத் தாண்டும். நஹானியில் அவ்வளவு இல்லையெனினும், ஜியாய்டு திருத்தம் செய்த (உயரங்களைக் கடல்மட்டத்தை ஒட்டிய பரப்புக்கு மாற்றிய) பிறகே கனடியத் தாளின் கோடுகளோடு ஒப்பிடுங்கள்.